"என்ன ஜாதி நாய் இது?" - ஒரு சின்ன சரித்திரம்

ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நாலு அடி நடந்து பாருங்கள். எதிரே வருபவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன ஜாதி?" என்பதாகத்தான் இருக்கும். அவரே பதிலையும் சொல்லிவிடுவார். காது தொங்கினால் லேப் கிராஸ். முதுகு கறுத்திருந்தால் அல்சேஷன் கிராஸ். ரோமம் புசுபுசுவென்று இருந்தால் பொமரேனியன் கிராஸ். எதிலும் பொருந்தவில்லையா? "நாட்டு நாய்தான்பா!" விசாரணை முடிந்தது.

இந்த ஊகமெல்லாம் எவ்வளவு தூரம் சரி? விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு நாயின் உயிரும் போயிருக்கிறது.

முதலில் "ஜாதி" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மனிதனோடு நாய் சேர்ந்து குறைந்தது பதினையாயிரம் வருஷம் ஆகிறது. வேட்டைக்கு, காவலுக்கு, ஆடு மேய்க்க என்று வேலைக்குத் தகுந்த நாய்களை மக்கள் எல்லா ஊரிலும் வளர்த்தார்கள். ஆனால் "இந்த அளவு, இந்த நிறம், அப்பா அம்மா பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்" என்ற கட்டுப்பாடு விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வந்தது. 1859-ல் நியூகாசில் நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. பாயின்டர், செட்டர் என்ற இரண்டே வகைகளுக்கு மட்டும் போட்டி. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப். 1884-ல் அமெரிக்காவிலும் ஒரு கிளப். ஆக, இன்று நாம் சொல்லும் பெரும்பாலான நாய் ஜாதிகளுக்கு வயது நூற்றைம்பது வருஷம் சொச்சம்தான்!

பதிவேடு வந்ததும் கூடவே இன்னொன்றும் வந்தது. பதிவேட்டில் இல்லாத நாய்க்கு "கலப்பு" என்று ஒரு பெயர். அதற்குப் பிறகுதான் "எதுவும் எதுவும் கலந்தது?" என்று துருவ ஆரம்பித்தார்கள். கையில் இருந்த ஒரே கருவி கண்.

அந்தக் கண்ணை நம்பலாமா? அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊர். அங்கே உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருஷம் நாய்களை வளர்த்து ஆராய்ந்து, 1965-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். உண்மையில் அவர்கள் ஆராய்ந்தது நாயின் குணத்தை. ஆனால் அதற்காக பசெஞ்சி நாயையும் காக்கர் ஸ்பானியலையும் கலந்தபோது பிறந்த குட்டிகளின் படங்கள்தான் நமக்கு முக்கியம். முதல் தலைமுறைக் குட்டிகளைப் பார்த்தால் அப்பா அம்மா யார் என்று சொல்ல முடியாது. அந்தக் குட்டிகளுக்குப் பிறந்த குட்டிகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தன. கலந்தது இரண்டே ஜாதி என்று தெரிந்திருக்கும்போதே இந்தக் கதி!

ஏன் இப்படி? இதற்கு விடை பிற்பாடு கிடைத்தது. தோற்றம் என்பது ஒரு சில மரபணுக்களின் விளையாட்டு. 2009-ல் வந்த இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன். டாக்ஸ்ஹண்ட் போன்ற நாய்களின் குட்டைக் காலுக்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு மரபணு மாற்றம். ரோமம் நீளமா, சுருளா, மீசை தாடி உண்டா என்பதைப் பெரும்பாலும் மூன்று மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அப்பா அம்மா இருவருக்கும் குட்டை ரோமம் இருந்தாலும், நீள ரோம மரபணு இருவரிடமும் ஒளிந்திருந்தால் குட்டிக்குப் புசுபுசு ரோமம் வரலாம். உடனே நாம் "பொமரேனியன் கிராஸ்" என்று அடித்துச் சொல்வோம் :-)

கண்ணுக்குப் பதில் டிஎன்ஏ வந்தது 2004-ல். அமெரிக்க விஞ்ஞானிகள் 85 ஜாதிகளைச் சேர்ந்த 414 நாய்களின் டிஎன்ஏவில் 96 இடங்களை ஒப்பிட்டார்கள். அதை மட்டும் வைத்தே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களின் ஜாதியைச் சரியாகச் சொல்ல முடிந்தது. 2005-ல் டாஷா என்ற பாக்சர் நாயின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானது. 2007-ல் கலப்பு நாய்களுக்கான பரிசோதனை அமெரிக்காவில் விற்பனைக்கே வந்துவிட்டது.

கண்ணுக்கும் டிஎன்ஏவுக்கும் போட்டி வைத்தால்? கலிஃபோர்னியாவில் விக்டோரியா வாய்த் என்ற பேராசிரியர் அதைத்தான் செய்தார். காப்பகங்களிலிருந்து தத்தெடுத்த 20 நாய்களைப் பரிசோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார். அவற்றில் குறிப்பிட்ட ஜாதியின் பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்ட நாய்களில் 87.5 சதவீதத்துக்கு, காப்பகம் சொன்ன ஜாதிகளும் டிஎன்ஏ காட்டிய ஜாதிகளும் முழுசாக ஒத்துப்போகவில்லை. சொன்னவர்கள் தினமும் நாய்களோடு இருப்பவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தப்பாகச் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்கிறீர்களா? இங்கேதான் லெனாக்ஸ் வருகிறான்.

பிரிட்டனில் 1991-ல் வந்த ஆபத்தான நாய்கள் சட்டம் பிட்புல் டெரியர் "வகை" நாய்களைத் தடை செய்தது. "ஜாதி" என்று சொல்லவில்லை, "வகை" என்றது. அதாவது பெற்றோர் யார் என்பது முக்கியமில்லை, உடல் அளவும் தோற்றமும் பொருந்தினால் போதும். வட அயர்லாந்திலும் இதே மாதிரிச் சட்டம். 2010-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு வீட்டில் வளர்ந்த லெனாக்ஸ் என்ற நாயை நகர சபை பிடித்துக்கொண்டு போனது. கோர்ட்டில் அவன் பிட்புல் வகைதான் என்று முடிவானது. அவன் குணத்தைப் பற்றியும் இரண்டு பக்கமும் வாதம் நடந்தது. உலகம் முழுக்க மக்கள் கெஞ்சினார்கள். இரண்டு வருஷம் அடைபட்டுக் கிடந்தவனை 2012 ஜூலையில் கொன்றுவிட்டார்கள்.

நாய் கடித்தால் ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குச் சட்டமும் வேண்டும். ஆனால் தோற்றத்தை வைத்துக் குணத்தை எடைபோடலாமா? 2022-ல் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை ஆராய்ந்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வித்தியாசத்தில் ஜாதியால் விளக்க முடிந்தது ஏறக்குறைய 9 சதவீதம்தான்.

கடைசியாக நம் தெரு நாய்க்கு வருவோம். இந்த டிஎன்ஏ பரிசோதனைகள் பெரும்பாலும் பதிவேட்டு ஜாதிகளோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்லும். நம் நாட்டு நாயோ, அந்தப் பதிவேடு பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்பிருந்தே இங்கே சுற்றிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் வாரிசு. எந்த ஜாதியும் கலந்து உருவான நாய் இல்லை அது. ஜாதி என்று ஒன்று வருவதற்கு முன்னால் இருந்த நாய்.

அடுத்த தடவை யாராவது குட்டியைக் காட்டி "என்ன ஜாதி?" என்று கேட்டால், "நாய் ஜாதி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். சயின்ஸ்படி பார்த்தாலும் அதுதான் தப்பில்லாத பதில்.