ஒரே ஊர், இரண்டு ஆய்வகங்கள்

1999-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கு நடந்தது. நகரக் காவல்துறையின் தடயவியல் ஆய்வகம் கொடுத்த டி.என்.ஏ. அறிக்கையில் ஓர் எண் இருந்தது: 6,94,000 பேரில் ஒருவர். குற்றம் சாட்டப்பட்டவனின் மரபணு அமைப்பு அவ்வளவு அரிது என்பது அதன் பொருள். பிடிபட்டபோது அவனுக்கு வயது 16. ஜூரிகள் ஆய்வகத்தை நம்பினார்கள். 25 ஆண்டு சிறை.

எண் பொய்யில்லை, ஆனால் இந்தத் தடயத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டிய எண் அதுவல்ல. தடயத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் மரபணு கலந்திருந்தது. கலப்புத் தடயம் என்றால், இவனுடைய அமைப்பு எவ்வளவு அரிது என்று பார்த்துப் பயனில்லை. அந்தக் கலவைக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு வில்லியம் தாம்சன் என்ற கலிபோர்னியப் பேராசிரியர் அந்தக் கணக்கைப் போட்டபோது, ஏறக்குறைய பதினைந்து பதினாறு கறுப்பின ஆண்களில் ஒருவர் அதற்குப் பொருந்தக்கூடும் என்று வந்தது. டவுன் பஸ் ஒன்றில் ஏறினால் இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். 2003-ல் மறுசோதனை நடந்தது. தடயம் அவனுடையதே அல்ல. நாலரை ஆண்டு உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தான்.

இந்தப் பிழைக்குக் காரணம் வஞ்சகம் என்று நான் நினைக்கவில்லை. கலப்புத் தடயத்துக்குக் கணக்குப் போடச் சரியாகக் கற்றுக்கொள்ளாத ஒருவர் போட்டார். அதைத் திருத்தத் தெரிந்தவர் யாரும் அவர் பக்கத்தில் இல்லை. அதனால்தான் பயிற்சி பற்றிப் பேச இந்த ஊரை எடுத்துக்கொள்கிறேன். அன்றைய காவல்துறை ஆய்வகத்தையும், 2014-ல் அந்த வேலையை ஏற்றுக்கொண்ட ஹூஸ்டன் தடயவியல் மையத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஊர் ஒன்று, வழக்குகளும் ஒரே மாதிரி.

பழைய ஆய்வகத்தை மைக்கேல் பிராம்விச் தலைமையிலான குழு விசாரித்தது. 2007-ல் இறுதி அறிக்கை வந்தபோது 3,500-க்கும் மேற்பட்ட வழக்குகளை அவர்கள் அலசியிருந்தார்கள். டி.என்.ஏ. பிரிவில் நேரடி மேற்பார்வையாளர் இடம் ஆண்டுக்கணக்கில் காலி. வெளியார் வந்து தரத்தைச் சான்றளிக்கும் அங்கீகாரமும் 2002 வரை கிடையாது. கூரை ஒழுகித் தடயப் பெட்டிகள் நனைந்தன. போதைப்பொருள் பிரிவில் சோதனையே செய்யாமல் முடிவெழுதிய நிகழ்வுகள் நான்கு அகப்பட்டன. பணியாளர்களிடம் பட்டம் இருந்தது. ஆனால் தவறாகச் செய்தால் தவறு என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், பத்து வருட அனுபவம் என்பது ஒரே பிழையைப் பத்து வருடம் பழகியதாகவும் இருக்கலாம். கடைசியில் பிழையை வெளிக்கொண்டு வந்தது ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம். 2002 நவம்பரில் செய்தி ஒளிபரப்பானது, டிசம்பரில் டி.என்.ஏ. பிரிவு மூடப்பட்டது.

பழைய ஆய்வகமும் பிறகு திருந்தி, 2005-ல் அங்கீகாரம் பெற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று அமெரிக்காவில் டி.என்.ஏ. நிபுணருக்கான விதிகள் தெளிவானவை: உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் படித்திருக்க வேண்டும், புள்ளியியலும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 8 மணி நேரத் தொடர்கல்வி. ஆண்டுக்கு இரு முறை திறன் சோதனை. டெக்சாஸில் 2019 முதல் உரிமம் இல்லாமல் தடயவியல் நிபுணர் வேலை செய்ய முடியாது. இவை எல்லாம் தேவைதான். ஆனால் திறன் சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது: வந்திருப்பது சோதனை என்று எழுதுகிறவருக்குத் தெரியும். பரீட்சை நாளில் யாருமே கவனமாகத்தான் இருப்பார்கள். வியாழக்கிழமை மாலை, நாற்பதாவது மாதிரியைக் கையில் எடுக்கும்போது எப்படி இருக்கிறார்கள் என்பதை அந்தச் சோதனை காட்டாது.

புதிய மையம் 2015-ல் அந்த வியாழக்கிழமைக்குள் கை வைத்தது. அங்கே தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் போலி வழக்குகள் செய்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆல்கஹால் அளவு முன்பே தெரிந்த இரத்தத்தை, ரோந்துக் காவலர்கள் பயன்படுத்தும் அதே பெட்டியில் அதே குழாயில் அடைக்க வேண்டும். முத்திரை, படிவம், வழக்கு எண், அனுப்பியவர் பெயர் எல்லாம் பொருந்த வேண்டும். ஒரே கையெழுத்து நாலு பெட்டியில் வந்தால் போதும், குட்டு உடைந்துவிடும். காவல்துறையின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. காவலர்களிடமிருந்து பெட்டியை வாங்குவது ஒரு பிரிவு, சோதிப்பது வேறொரு பிரிவு என்று அங்கே பிரித்திருப்பதால்தான் இரகசியம் நிற்கிறது. அந்தப் பெட்டி மற்ற பெட்டிகளோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் மேசைக்குப் போகிறது. விடை தர அலுவலரிடம் மட்டும் இருக்கிறது.

2015 முதல் 2018 வரை ஆறு பிரிவுகளுக்கு இப்படி 973 மாதிரிகள் அனுப்பினார்கள். 901 முடிந்தன. அவற்றில் போலி என்று பணியாளர்கள் கண்டுகொண்டவை 51-தான்.

இந்த 51 எனக்குப் பிடித்த எண். மீதியெல்லாம் உண்மையான வழக்கு என்றே எண்ணிச் செய்யப்பட்டவை என்பதை அது சொல்கிறது. போலியைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு ஸ்டார்பக்ஸ் பரிசு அட்டை உண்டு. நிஜத்தைப் போலி என்று சொல்லிவிட்டால் ஒரு டாலர் கட்ட வேண்டும். விளையாட்டாகத் தோன்றினாலும் இதை நான் மதிக்கிறேன். பழைய ஆய்வகத்தில் தன் வேலையை இன்னொருவர் சோதிக்கிறார் என்றால் தலைக்குமேல் கத்தி தொங்குவதுபோல் இருந்திருக்கும். இங்கே அது காபி நேரப் பேச்சாகிவிட்டது. பிழை அகப்பட்டால் செய்தவரைத் தேடுவதற்கு முன்னால், எந்தப் படியில் நழுவியது என்று தேட இடம் கிடைக்கிறது. அந்தப் படியைத் திரும்பக் கற்றுக்கொடுக்கவும் முடிகிறது.

இந்த ஏற்பாட்டுக்குத் தனி ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் ஆய்வகத்தில், போலிப் பெட்டி செய்கிறவரும் அதைத் திறக்கிறவரும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். இரகசியம் எத்தனை நாள் நிற்கும்? அப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: பக்கத்து ஊர் ஆய்வகத்தோடு மாதிரிகளை மாற்றிக்கொள்வது. இவர்கள் செய்த பெட்டி அங்கே போகட்டும், அவர்கள் செய்தது இங்கே வரட்டும். புதுக் கருவி வாங்க ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது. இரண்டு ஊர்க் காவல்துறையும் காலிப் பெட்டிகள் கொஞ்சம் கொடுக்கச் சம்மதித்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.