மடங்காத கவசமும் ஒரு பழைய மன்னிப்பும்



சென்ற வாரம் பேத்தியின் பள்ளியில் மாறுவேடப் போட்டி. ரோமானியப் போர்வீரன் வேடம். தரையில் விரிக்கும் ஃபோம் பாயை வெட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்து நானே ஒட்டினேன். பார்க்க அழகுதான். போட்டுப் பார்த்தால் பிள்ளையால் உட்கார முடியவில்லை, கையைத் தூக்கவும் முடியவில்லை. "தாத்தா, ரோம்காரங்க இதைப் போட்டுட்டு எப்படி சண்டை போட்டாங்க?" என்றாள். முப்பது வருடம் ரோமாபுரியைப் பாடம் நடத்தியவனுக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

ரோம் நகரில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில், பட்டை பட்டையான கவசம் அணிந்த வீரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லில் வெளிப்பக்கம்தான் தெரியும். உள்பக்கம்? 1964இல் இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில், மண்ணில் புதைந்திருந்த மரப்பெட்டி ஒன்றில் அந்தக் கவசங்களே கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து, ரசல் ராபின்சன் என்ற அறிஞர் கவசத்தைத் திரும்பக் கட்டிக் காட்டினார்.

ரகசியம் எளிமையானது. இரும்புப் பட்டைகள் ஒன்றோடொன்று இறுக்கப்படவில்லை. மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. உள்ளே மேலிருந்து கீழாக ஓடிய தோல்வார்களில் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக ரிவெட் அடித்திருந்தார்கள். வீரன் குனிந்தால் வார் மடங்கும், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியும். அடியைத் தாங்க இரும்பு, அசைவுக்குத் தோல்.

இரண்டாயிரம் வருடம் கழித்தும் இதே சிக்கல் வந்தது. 1954இல் ஜப்பானில் 'காட்ஸில்லா' படத்துக்கு முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ, ஒரே விறைப்பு. உள்ளே இருந்த நடிகர் ஹருவோ நகஜிமாவுக்கு நடப்பதே பெரும்பாடு. அதை இரண்டாக வெட்டி, உடலின் ஒரு பகுதி மட்டும் தெரியும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டு, வேறோர் உடை செய்தார்கள்.

நானும் வெட்டினேன். தோளிலும் இடுப்பிலும் ஒட்டைப் பிரித்து, துண்டுகளை இரண்டு விரற்கடை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, உட்பக்கம் எலாஸ்டிக் பட்டை கொடுத்தேன். பட்டையின் இரு நுனிகளுக்கு மட்டும்தான் பசை. நடுப்பகுதி இழுபட வேண்டுமே! செருப்புத் தைப்பவர்களின் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்கிறது. பேத்தி குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டாள்!

இதை எழுதக் காரணம் வேறு. பல வருடங்களுக்கு முன் ஆண்டு விழா நாடகத்தில், நான் செய்த அட்டைக் கவசத்தைப் போட்ட ஒரு மாணவன் அரசனுக்கு முன் மண்டியிட முடியாமல் மேடையில் விழுந்தான். "ஒழுங்கா ஒத்திகை பார்த்தியா?" என்று எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி, நீ ஒழுங்காகத்தான் ஒத்திகை பார்த்திருந்தாய். மடங்காதது என் கவசம். இதைப் படித்தால், உன் வாத்தியாரை மன்னித்துவிடு.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்