திருக்கணிதம் பிறந்த கதை

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு பிள்ளை பிறக்கிறது. பிறந்த நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு தாத்தா ஜோசியரைப் பார்க்கப் போகிறார். ஜாதகம் கணிப்பதற்கு முன் ஜோசியர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வாக்கியமா, திருக்கணிதமா?" எந்தப் பஞ்சாங்கத்தைப் பிரிக்கிறாரோ அதற்கேற்ப பிள்ளையின் நட்சத்திர பாதம் மாறலாம், தசை இருப்பும் மாறலாம். வானம் ஒன்று, பிறந்த நேரமும் ஒன்று. பஞ்சாங்கம் மட்டும் எப்படி இரண்டானது?

மூத்தது வாக்கியம். வரருசி பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் அதன் அடிப்படை. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுத்துகள் எண்களாக நின்று, குறிப்பிட்ட நாளில் சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லும். 248 நாளில் சந்திரன் ஏறத்தாழ 9 முறை பூமிக்கு மிக அருகே வந்து போய்விடும். அதன்பின் பழைய நடை மறுபடியும் தொடங்கும். இதைக் கண்டுகொண்டு, மனப்பாடம் செய்யும் வடிவத்தில் கட்டிவைத்தார்கள் முன்னோர்.

அந்தக் கணக்கின் வலிமைக்குச் சாட்சி 1825இல் வெளியான 'காலசங்கலித' என்ற நூல். அதை எழுதிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனத்தில் இருந்த வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்தான் பிசகு. தாளும் பேனாவும் இல்லாமல் இவ்வளவு தூரம் போன அறிவை வணங்கத்தான் வேண்டும்.

ஆனாலும் பிசகு பிசகுதான். சந்திரனைப் பூமி மட்டும் இழுப்பதில்லை, சூரியனும் இழுக்கிறது. அந்த இழுப்பால் வரும் திருத்தங்கள் வாக்கியக் கணக்கில் சேரவில்லை. அமாவாசை, பௌர்ணமியில் கணக்கு ஓரளவு பொருந்திவிடும். அதனால்தான் கிரகணம் நன்றாகவே வந்தது. அஷ்டமியை ஒட்டிய நாள்களிலோ, சந்திரன் கணக்கிலிருந்து 2 பாகைகூட விலகி நிற்பதுண்டு. அது சுமார் 4 மணி நேரத்துக்குச் சமம்.

கணக்கை வானத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வெளிநாட்டிலிருந்து வந்ததன்று. குற்றால மலைக்கு மேற்கே, கேரளத்தில் வாழ்ந்த பரமேஸ்வரர் பல ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்துவந்து, பழைய கணக்கைத் திருத்தி 1431இல் 'திருக்கணிதம்' என்ற நூலை எழுதினார். தமிழ்நாட்டுக்கு அதே பெயரில் அச்சுப் பஞ்சாங்கம் வர இன்னும் நானூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அதைக் கொண்டுவந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். இரவெல்லாம் தொலைநோக்கியில் கண்வைத்து விண்மீன்களின் இடத்தைக் குறிப்பது அவர் வேலை. 1867இல் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868இல் வனபர்த்திக்கும் 1871இல் அவிநாசிக்கும் சென்று முழுச் சூரிய கிரகணங்களைக் கவனித்தார். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி பல மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார்.

இரவில் தொலைநோக்கியில் ஓர் இடத்தில் காணும் கிரகம், காலையில் பஞ்சாங்கத்தில் வேறோர் இடத்தில் இருக்கக் கண்டால் அவர் மனம் எப்படி ஒப்பும்? சாஸ்திரத்தில் ஊறியவர் அவர். சடங்கு தவறிய நேரத்தில் நடக்கக் கூடாதென்ற அக்கறையும் உள்ளவர். 1860களின் இறுதியிலிருந்து திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிடத் தொடங்கினார். 1880இல் அவர் காலமானார். அவர் போட்ட பாதை நிலைத்தது. 1952இல் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை இந்திய அரசு அமைத்தது. குழுவின் பரிந்துரைப்படி 1957 முதல் அரசே ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் வெளியிட்டுவருகிறது. அதுவும் திருக்கணித முறைதான்.

இரண்டு பஞ்சாங்கமும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சனிப்பெயர்ச்சியே இதற்குச் சான்று. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20. இடைவெளி பதினொரு மாதம். கோயில் வழிபாடு அந்தந்தக் கோயிலின் மரபுப்படி நடக்கட்டும். அதில் குறை காண எனக்கு விருப்பமில்லை. தன்னை அறிய ஜாதகத்தைப் பிரிக்கிறவர் நிலை வேறு. பரணியில் பிறந்தவருக்குச் சுக்கிர தசை 20 ஆண்டு. சந்திரன் 2 பாகை தள்ளி எழுதப்பட்டால், கர்ப்பச்செல் போக எழுதும் தசை இருப்பு 3 ஆண்டு மாறிவிடும். தன்னைப் பற்றிய சிந்தனையைத் தவறான இடத்தில் நிற்கும் நிலவிலிருந்து எதற்காகத் தொடங்க வேண்டும்?

யோக மரபு கேட்பதும் இதே நேர்மையைத்தான். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைச் சொல்லும்போதே வாரசரத்தையும் வைக்கிறார். திங்கள், புதன், வெள்ளியில் மூச்சு இடப்பக்கம் ஓட வேண்டும். ஞாயிறு, செவ்வாய், சனியில் வலப்பக்கம். வியாழனில் வளர்பிறையானால் இடம், தேய்பிறையானால் வலம். கிழமையையும் பிறையையும் பஞ்சாங்கத்தில் பார்த்துவிடலாம். மூச்சு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை விடியற்காலையில் உட்கார்ந்து தானே கவனித்தால்தான் தெரியும். ஏட்டில் உள்ளதை உடம்பில் ஒத்துப் பார்க்கும் பயிற்சி அது. ரகுநாதாச்சாரி வானத்தில் செய்ததும் அதுவே.

ஜாதகம் ஒருவரின் விதியை முடித்து எழுதிவிடும் என்று நான் நம்பவில்லை. என் கோபம் எங்கே எழுகிறது, என் ஆசை எதைச் சுற்றுகிறது என்று உட்கார்ந்து யோசிக்க அது ஒரு வாய்ப்பு. அந்த வகையில் மதிக்கிறேன். "உங்களுக்குப் பொறுமை குறைவு" என்று ஜோசியர் சொன்னால், அதைத் தலையெழுத்தாக ஏற்கவும் வேண்டாம், சிரித்துத் தள்ளவும் வேண்டாம். பத்து நாள் தன் நடத்தையைக் கவனித்து, உண்டா இல்லையா என்று பார்க்கலாம். உண்டென்றால் திருத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் அந்தப் பலனை விட்டுவிடலாம். பெரியவர்கள் கொடுத்த கணக்கையே வானத்தைப் பார்த்துத் திருத்தத் துணிந்த மரபு நம்முடையது. நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் கணக்கைத் திருத்த நாம் தயங்கக் கூடாது.