டயருக்குள் இருக்கும் தோட்டம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வைட் என்றொரு சிற்றூர். அங்கே 34 ஏக்கர் காட்டுக்குள் 4,000-க்கும் மேற்பட்ட பழைய கார்கள் துருவேறிக் கிடக்கின்றன. 1931-ல் சாதாரணக் கடையாகத் தொடங்கி, பிறகு பழைய கார்களை வாங்கிப் பாகம் பாகமாக விற்ற குடும்பத்தின் இடம் அது. பின்னர் அது கட்டணம் கட்டி உள்ளே போய்ப் பார்க்கும் இடமாக மாறியது.

நம் நாட்டில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க அப்படியொரு காடு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. நெகிரி செம்பிலானில் பழைய கார் தேடுகிறவர்கள் தோட்டம் தோட்டமாகத்தான் அலைய வேண்டும். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு லேண்ட் ரோவர் கிடக்கும். லயத்து ஓரத்தில் கோழி அடைக்கிற மோரிஸ் மைனர் ஒன்று இருக்கும். நான் படித்தது இயந்திரப் பொறியியல் என்பதால், வாங்கப் போகும் நண்பர்கள் சுத்தியலும் டார்ச்லைட்டும் கொடுத்து என்னைக் கூட்டிப் போவார்கள்.

முதலில் பார்ப்பது துருவைத்தான். லேண்ட் ரோவர் 1948-ல் வந்தபோது பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் வெளித்தகடுகளில் பெரும்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். நம் மழைக்கும் அது எளிதில் மட்காது. பாசியைத் துடைத்தால் பச்சைப் பெயிண்ட் பளிச்சென்று தெரியும். ஆனால் கீழே இருக்கும் சேசிஸ் எஃகு. மேலே கம்பீரமாக நிற்கும் வண்டியின் அடியில் சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று கேட்கும். அதே 1948-ல் வந்த மோரிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸே கிடையாது, உடம்பேதான் எலும்பு. பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடம் மட்கிவிட்டால் விலையைப் பாதியாகப் பேசலாம்.

அடுத்தது கெரான். எஞ்சின் எண், சேசிஸ் எண், N என்று தொடங்கும் பதிவு எண், உரிமையாளர் பெயர் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். அது இல்லையென்றால் எவ்வளவு அழகான காராக இருந்தாலும் சாலையில் ஓட்டுவது பெரும்பாடு. பாகத்துக்காகத்தான் வாங்குவார்கள்.

இந்த இரண்டையும் பார்த்து முடித்ததும் பேரம் தொடங்கிவிடும். எனக்கோ அங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. கார் தோட்டத்துக்கு வந்த கதை சரி, தோட்டமே காரால் வந்த கதையை யார் பேசுவது?

1888-ல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். அத்தனைக்கும் டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். 1910-ல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது மலாயாவில் காடுகள் வேகமாக அழிந்தன. கங்காணிகள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு என்று ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்தார்கள். டன்லப் நிறுவனமே இங்கே தோட்டம் வைத்திருந்தது. அதன் தலைவராக இருந்த சர் எரிக் கெடிஸின் பெயர்தான் பாஹாவ் பக்கத்து லாடாங் கெடிஸில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபோர்டு தன் தொழிலாளிக்கு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தது 1914-ல். மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் 1928-ல் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-ல் மந்தம் வந்ததும் அது 40, 32 என்று இறங்கியது. டெட்ராய்ட்டில் கார் செய்தவன் அந்தக் காரை வாங்க முடிந்தது. டயருக்குப் பால் வெட்டியவர்களுக்கோ துரை கார் வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டிய வழக்கம் இருந்தது.

1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம். துரைமார் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். தோட்ட மக்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். அந்த நெருக்கடியில்தான் 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. டன்லப் தோட்டங்கள் 1980களில் மல்டி பர்ப்பஸ் நிறுவனத்துக்கும் அடுத்து ஐஓஐ-க்கும் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மனிதர்கள் வெளியேற, இழுத்துப்போக ஆளில்லாத கார் அங்கேயே கிடந்துவிடும்.

பாஹாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவரைப் பார்த்தோம். நண்பன் கெரானைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். அவர் சிரித்தார். “கெரான்ல கம்பெனி பேருதான் இருக்கும் தம்பி. கிளட்ச எத்தன தடவ மாத்துனோம்னு என் காலுக்குத்தான் தெரியும்.” “எந்த வருசத்துலேர்ந்து ஓட்டுனீங்க ஐயா?” என்று கேட்டேன். வருசம் சொல்லவில்லை. எந்தத் துரை காலம், யாருக்குப் பிரசவ வலி வந்து ராத்திரியில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார், பிரேக் பிடிக்காத நாளில் யார் கல் வைத்து வண்டியை நிறுத்தியது என்று பெயர் பெயராகச் சொன்னார். அதில் ஒரு பெயர்கூட அந்தத் தாளில் இல்லை.

கார் சேகரிப்பவர்கள் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை மிகவும் மதிப்பார்கள். ஒரிஜினல் எஞ்சின், ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் நம்பர். அவர்கள் கணக்கில் முதல் உரிமையாளர் நிறுவனம் என்பதோடு வண்டியின் வரலாறு முடிகிறது. வண்டியை ஓட்டியவர், பழுது பார்த்தவர், தினமும் கழுவியவர் யாரும் அதற்குள் வருவதில்லை. வண்டி பளபளப்பாகிக் கோலாலம்பூர் கண்காட்சிக்குப் போகும்போது ‘துரை வைத்திருந்த கார்’ என்ற அட்டை அதன் மேல் இருக்கும். தோட்டத்தில் கிடந்தவரை யாராவது அதைக் காட்டி யாரையாவது நினைவுகூர்ந்தார்கள். லோரியில் ஏற்றியபின் அந்தப் பேச்சுக்குப் பிடிமானம் இல்லை.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்காவிட்டால் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் எடுத்துப் போய்விடுவார். ஆனால் எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் அதே நோட்டில் இன்னும் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது. யார் ஓட்டியது, யார் பழுது பார்த்தது, எந்த டிவிஷன், எந்த லயம். இந்த விவரங்கள் ஜேபிஜேயில் கிடைக்காது. சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. இப்போதெல்லாம் சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் நோட்டைத்தான் எடுக்கிறேன். சேசிஸ் இன்னும் ஓர் ஆண்டு தாங்கும்.