மியூனிச்சின் மக்கட் பாடகர்: கார்ல் வலன்டினும் அவர் காலமும்

நாடக வரலாறு பெரும்பாலும் பேரரங்குகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசவையின் ஆதரவு பெற்ற அரங்குகளும், அச்சேறிய நாடக நூல்களும், புலமையாளரின் திறனாய்வுகளும் அவ்வரலாற்றுக்குரிய மூலங்களாகக் கொள்ளப்பட்டமையே இதற்குக் காரணமாகும். மதுச்சாலையின் புகை நடுவே, உண்டும் குடித்தும் உரையாடியும் இருந்த சனத்திரளின் முன்னிலையில் பாடியும் நடித்தும் பிழைத்தோர் அதில் இடம்பெறுவது அரிது. ஜேர்மனியின் தென்பகுதியிலுள்ள பவேரியாவின் தலைநகரான மியூனிச்சில் வாழ்ந்த கார்ல் வலன்டின் (1882–1948) இவ்விரண்டாவது வகையினைச் சேர்ந்தவர். பாடகர், நகைச்சுவை நடிகர், அரங்க இயக்குநர், திரைப்படக் கலைஞர் எனப் பல நிலைகளில் அவர் தொழிற்பட்டார். அவருடைய வாழ்க்கையை நோக்குமிடத்து, ஒரு நகரத்து மக்கள் எதனைக் கண்டு சிரித்தனர், எப்பொழுது சிரிக்க மறுத்தனர் என்னும் வினா மேலெழுகின்றது. அவ்வினா தனியொரு கலைஞரின் வாழ்க்கைக்கு அப்பாலும் செல்வதாகும்.

வலன்டினை விளங்கிக்கொள்வதற்கு அவர் தோன்றிய மரபினை முதலில் அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிச் நகரம் மிக விரைவாக வளர்ந்தது. 1880ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,30,000 ஆக இருந்த அதன் சனத்தொகை 1900ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,00,000 ஆகப் பெருகிற்று. பவேரியக் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்தோர் நகரின் புறச்சேரிகளை நிரப்பினர். பேரரங்குகளின் நுழைவுச்சீட்டினை வாங்கும் வசதியோ, அவற்றின் செம்மொழியிற் பற்றோ இல்லாத இம்மக்களுக்கு மதுச்சாலைகளை அடுத்திருந்த பாட்டு மண்டபங்களே பொழுதுபோக்கு நிலையங்களாயின. அங்கு வட்டார வழக்கில் எள்ளற் பாடல்களையும் தனிமொழிகளையும் குறுநாடகங்களையும் நிகழ்த்தியோர் ‘மக்கட் பாடகர்’ எனப்பட்டனர். கிராமத்தான், வண்டிக்காரன், வீட்டுக்காரி, பொலிஸ்காரன் ஆகியோரே அவர்களது பாத்திரங்கள். முதலாம் உலக யுத்தத்தின் முடிவு வரை, மேடையிற் சொல்லப்படவிருந்த உரைகள் பொலிசாரின் தணிக்கைக்கு முற்கூட்டியே சமர்ப்பிக்கப்படல் வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் இருந்தது. எளிய மக்களின் சிரிப்பினை அதிகார பீடம் ஒருபொழுதும் அற்பமானதெனக் கருதவில்லை என்பதற்கு இவ்விதியே சான்றாகும்.

மியூனிச்சின் புறநகர்களுள் ஒன்றான ஆவ் என்னுமிடத்தில் 1882 ஜூன் 4ஆந் திகதி வலன்டின் பிறந்தார். அவரது இயற்பெயர் வலன்டின் லூட்விக் ஃபை என்பதாகும். தந்தையார் தளபாடங்களுக்கு மெத்தை தைப்பதும், அவற்றை வீடு விட்டு வீடு ஏற்றியிறக்குவதுமான தொழிலை நடத்தியவர்; தாயார் சக்சனியிலிருந்து வந்தவர். அவர் பிறந்த அதே ஆண்டில் மூத்த சகோதரர் இருவர் தொண்டைக்கரப்பன் நோயினால் இறந்தனர். பின்னாளில் நோய் பற்றிய அச்சமும் பயணம் பற்றிய அச்சமும் அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டின. தச்சுத்தொழில் பயின்று சில காலம் அதனைச் செய்த வலன்டின், 1902ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டு நூரம்பேர்க் நகரில் முதன்முதலாகத் தொழில்முறை மேடையேறினார். ஆயின், அவ்வாண்டிலேயே தந்தையார் காலமாக, குடும்பத் தொழிலைப் பொறுப்பேற்பதற்காக ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

அத்தொழில் நலிவுற்று 1906ஆம் ஆண்டளவிற் கைமாறிய பின்னர், தாமே வடிவமைத்த ஒரு விந்தைக் கருவியுடன் அவர் ஊர் ஊராகச் சென்றார். ஏறத்தாழ இருபது இசைக்கருவிகளை ஒன்றாகப் பொருத்தி, தனியொருவரே கையாலும் காலாலும் வாயாலும் இயக்கத்தக்கதாக அமைக்கப்பட்டிருந்தது அக்கருவி. அதனை மக்கள் பொருட்படுத்தவில்லை. மனமுடைந்த வலன்டின் தம் கையாலேயே அதனை உடைத்தெறிந்தார். அவருக்கு வெற்றி வாய்த்தது 1908ஆம் ஆண்டில் மியூனிச்சின் ‘பிராங்க்பேர்ட்டர் ஹோஃப்’ பாட்டு மண்டபத்திலேயாகும். மீன்தொட்டி பற்றிய ஒரு தனிமொழியே அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. ஒல்லியான நெடிய உடல், அதனை மேலும் நீட்டிக் காட்டும் இறுகிய உடை, ஒட்டவைத்த நீள்மூக்கு, பெரிய சப்பாத்து ஆகியவற்றுடன் மேடையில் தோன்றிய அவ்வுருவம் விரைவில் நகரெங்கும் அறிமுகமாயிற்று.

இம்மண்டபத்திலேயே 1911ஆம் ஆண்டில் எலிசபெத் வெல்லானோ என்னும் இளம் பாடகியை வலன்டின் சந்தித்தார். வெதுப்பகத் தொழிலாளி ஒருவரின் மகளான அவர், முன்னர் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்தவர். அவருக்குரியது அழகியின் பாத்திரமன்று, நகைச்சுவையே என்று வலன்டின் உணர்த்தினார்; தாம் பெரிதும் மதித்த மாக்ஸ்டாட் என்னும் பாடகரின் பெயரைத் தழுவி ‘லீசல் கார்ல்ஸ்டாட்’ என்ற மேடைப் பெயரையும் சூட்டினார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இவ்விருவரும் இணைந்து நூற்றுக்கணக்கான குறுநாடகங்களை மேடையேற்றினர். இவற்றை வலன்டினின் படைப்புகள் என்று மட்டும் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒத்திகையின்போது உரையாடலை வளர்த்தவரும், எழுதிப் பேணியவரும், மேடையில் வலன்டின் உரை மறந்தபோது துணைநின்றவரும் கார்ல்ஸ்டாட்டே. இசைக்குழுத் தலைவர், பையன், கிழவன் எனப் பல ஆண் வேடங்களையும் அவர் திறம்பட ஏற்றார்.

இந்நாடகங்களின் தனித்தன்மை யாது? மரபுவழி மக்கட் பாடகர்கள் மனிதரின் பழக்கவழக்கங்களை நகையாடினர். வலன்டினோ மொழியினையே நகைப்புக்குரிய பொருளாக்கினார். பாணினாற் செய்யப்படும் பவேரிய உருண்டை உணவொன்றின் பெயரை எடுத்துக்கொண்டு, பல பாண்கள் சேர்க்கப்படுவதால் அச்சொல்லின் முற்பகுதியும் பன்மையிலேயே அமைதல் வேண்டும் என்று வாதிடும் உரையாடல் அவர்களது புகழ்பெற்ற படைப்புகளுள் ஒன்று. தருக்கம் ஒவ்வொரு படியிலும் சரியாகவே செல்கின்றது. முடிவோ அபத்தமாக வந்து நிற்கின்றது. பிறிதொன்றில், நூல் கட்டுபவர் ஒருவர் கட்டி முடித்த நூல்களை அனுப்பலாமா என்று கேட்பதற்காக ஒரு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைக்கின்றார். ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு அவர் மாற்றப்பட்டுக் கொண்டே இருக்கின்றார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து அதே செய்தியைச் சொல்கின்றார். ஈற்றில் அலுவலக நேரம் முடிந்துவிடுகின்றது. அலுவலக யந்திரத்தின் முன்னே சாதாரண தொழிலாளி அடையும் கையறுநிலையை இதனினும் சுருக்கமாகக் காட்டிய ஆக்கங்கள் சிலவே.

மொழியைப் போலவே பொருள்களும் வலன்டினின் மேடையில் மனிதனுக்கு அடங்க மறுத்தன. இசைக்குழு ஒத்திகையில் கருவிகளும் கழுத்துப்பட்டியும் கலகஞ் செய்தன. அவற்றுடன் போராடுபவன் எப்பொழுதும் ஓர் ஏழை. ‘உறுதிபூசுதல்’ என்னும் அருட்சாதனத்தைப் பெற்ற மகனை, தன் தகுதிக்கு மீறிய உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்று குடித்துத் தடுமாறும் தகப்பனைச் சித்திரிக்கும் நாடகத்தில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். மகனுக்கு ஒரு நாளாவது பெருமை தேடித்தர விரும்பும் தகப்பனின் ஆசையும் இயலாமையுமே அங்கு நகைச்சுவையின் ஊற்றாகின்றன. அவையோர் சிரித்தனர், சிரித்தது தம்மையே என்பதை அவர்களுட் பலர் அறிந்துமிருந்தனர்.

இக்கலையின் ஆழத்தை முதலில் உணர்ந்தோருள் பேர்டோல்ட் பிறெக்ட் குறிப்பிடத்தக்கவர். பிறெக்டின் பெயர் தமிழ் நாடக மாணவருக்குப் புதியதன்று. ஆயின் அவர் வலன்டினிடம் பெற்ற பாடங்கள் அத்துணை அறியப்படவில்லை. மியூனிச்சில் இளைஞராக வாழ்ந்த காலத்தில் பிறெக்ட் அவரது நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்த்தார். அவருடைய வேடிக்கை இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவராக நிற்கும் புகைப்படமொன்றும் உள்ளது. 1922ஆம் ஆண்டில் வலன்டினைச் சார்ளி சாப்ளினுடன் ஒப்பிட்டு எழுதினார்; 1923ஆம் ஆண்டில் இருவரும் முடிதிருத்தகம் ஒன்றைக் களமாகக் கொண்ட மௌனப் படமொன்றில் இணைந்து பணியாற்றினர். 1924ஆம் ஆண்டில் ‘இரண்டாம் எட்வேர்ட்’ நாடகத்தை நெறிப்படுத்தியபோது, போர்க்களத்திற் படைவீரரை எவ்வாறு காட்டுவது என்று பிறெக்ட் வினவ, அவர்கள் அச்சத்தால் வெளிறிப் போயிருப்பார்கள் என்று வலன்டின் விடையிறுத்தாராம். அவ்விடையைக் கேட்டு நடிகரின் முகங்களுக்குச் சுண்ணப்பூச்சுப் பூசப்பட்டது. பின்னாளிற் காவிய அரங்கு எனப் பெயர்பெற்ற முறைமையின் தொடக்கங்களுள் ஒன்றாக இந்நிகழ்ச்சி கொள்ளப்படுகின்றது. இதே 1924ஆம் ஆண்டில் எழுத்தாளர் கூர்ட் டுக்கோல்ஸ்கியும் பேர்லினிலிருந்து வலன்டினைப் பாராட்டி எழுதினார். 1937ஆம் ஆண்டில் மியூனிச் வந்த சாமுவெல் பெக்கெட்டும் அவரை மேடையிற் கண்டார்.

கலைஞராகப் பெற்ற வெற்றியை அரங்க இயக்குநராக வலன்டின் பெற்றாரல்லர். 1915ஆம் ஆண்டிலேயே கபரே அரங்கொன்றின் இயக்குநர் பொறுப்பை ஏற்ற அவர், சொந்த அரங்கு வேண்டும் என்ற வேட்கையைக் கைவிடவேயில்லை. 1931ஆம் ஆண்டில் தொடங்கிய அரங்கு ஓரிரு மாதங்களே நிலைத்தது. 1934ஆம் ஆண்டில் விந்தைப்பொருட் காட்சியகம் ஒன்றைத் திறந்தார். மெழுகுப் பாவைகளும் சித்திரவதைக் காட்சிகளும் ஒருபுறம். மறுபுறம், தமது தச்சுத்தொழிலைத் தூக்கி மாட்டிய ஆணி, குளிர்காலத்துக்கென மயிர்த்தோல் சுற்றிய பற்குச்சி, உருகிப்போன பனிச்சிற்பமாகிய தண்ணீர் முதலான வேடிக்கைப் பொருள்கள். காட்சியகத்துக்கு மக்கள் வரவில்லை. வலன்டினின் பணத்துடன் கார்ல்ஸ்டாட்டின் சேமிப்பும் அழிந்தது. பல்லாண்டு உழைப்பினாலும் மனச்சுமையினாலும் நலிந்திருந்த கார்ல்ஸ்டாட் 1935 ஏப்ரலில் இசார் ஆற்றிற் குதித்து உயிர்துறக்க முயன்றார், காப்பாற்றப்பட்டார். மேதைமைக்கு அருகில் வாழ்வோர் கொடுக்க நேரும் விலையை வலன்டினின் வரலாற்றை எழுதுவோர் மறைத்தலாகாது.

இதற்கிடையில், 1933ஆம் ஆண்டில் நாஸிகள் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தனர். அவர்களது இயக்கம் வளர்ந்த நகரமும் மியூனிச்சே. வலன்டின் நாஸிக் கட்சியிற் சேரவில்லை; எனினும் அவரை எதிர்ப்பு வீரராகச் சித்திரிப்பதற்கும் ஆதாரமில்லை. யுத்த காலத்தில் படைவீரருக்கான மியூனிச் இதழொன்றுக்கு அவர் எழுதியுமிருக்கின்றார். அவரது சமகாலத்தவரும், பிளாட்சல் அரங்கின் புகழ்பெற்ற மக்கட் பாடகருமான வைஸ் ஃபேர்டல் வேறொரு வழியைத் தெரிந்தார். ஆட்சியாளரைச் சீண்டும் பகிடிகள் அவர் பெயரில் வழங்கினவாயினும், அவர் கட்சியின் உறுப்பினராகிப் புதிய சூழலுக்கு இசைந்து வாழ்ந்தார். ஒரே மரபில் வந்த இவ்விருவரையும் ஒப்புநோக்கின், மக்கட் கலை என்பதனாலேயே ஒரு கலை அதிகாரத்துக்கு எதிரானதாகிவிடாது என்பது பெறப்படும்.

ஆயினும் வலன்டினின் கலை அவ்வாட்சிக்கு உவப்பாக அமையவில்லை. 1936ஆம் ஆண்டில் வலன்டினும் கார்ல்ஸ்டாட்டும் நடித்த ‘மரபுரிமை’ என்னும் குறும்படம் தடைசெய்யப்பட்டது. வறிய தம்பதியர் இருவர் தமக்கு மரபுரிமையாகத் தளபாடங்கள் வரவிருப்பதை அறிந்து, இருந்த பழையவற்றைக் கைவிட்டுவிடுகின்றனர். வந்து சேர்ந்தவையோ குள்ளர் ஒருவருடைய சின்னஞ்சிறு தளபாடங்கள். அப்படத்தில் ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘அவலப் போக்கு’ உடையது என்பதே அதன்மீது சாட்டப்பட்ட குற்றம். வேலையின்மையையும் வறுமையையும் ஒழித்துவிட்டதாகப் பறைசாற்றிய அரசுக்கு, வெறும் அறையில் நிற்கும் இரு ஏழைகளின் உருவமே அச்சந் தருவதாயிற்று. வலன்டின் அரசியல் பேசவில்லை. தாம் பிறந்த புறநகரின் வாழ்க்கையைக் கண்டவாறே காட்டினார். அது காட்டப்படலாகாது என்பது ஆட்சியின் கொள்கையாக இருந்தமையால், அவரது நகைச்சுவை தானாகவே குற்றமாயிற்று.

1939ஆம் ஆண்டில் நிறுவிய நிலவறை அரங்கும் அடுத்த ஆண்டில் மூடப்பட்ட பின்னர், வலன்டின் மேடையை விட்டு விலகி நகருக்கு வெளியே பிளானெக் என்னும் ஊரிற் குடியேறினார். கார்ல்ஸ்டாட்டோ யுத்தத்தின் நடுவே அல்ப்ஸ் மலையில் முகாமிட்டிருந்த படைப்பிரிவொன்றுடன் ஆண் உடையில், ‘குஸ்டாவ்’ என்ற பெயரில், பொதிவிலங்குகளைப் பராமரித்து வாழ்ந்தார். யுத்தம் முடிந்ததும் மியூனிச் வானொலி வலன்டினுக்கு ஒரு தொடர்நிகழ்ச்சியை வழங்கிற்று. நேயர்களின் கண்டனத்தினால் அதுவும் இடையில் நிறுத்தப்பட்டது. இடிபாடுகளின் நடுவே பசித்திருந்த மக்கள், தம் பசியை நினைவூட்டாத சிரிப்பினையே வேண்டினர் போலும். முன்னர் அரசு தடைசெய்ததனைப் பின்னர் மக்களே மறுதலித்தனர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதியாகும். மரத்தால் வீட்டுப் பாவனைப் பொருள்களைச் செய்து பிழைக்க முயன்ற வலன்டின், ஆணியில் மாட்டிய தச்சுத்தொழிலை இறுதியில் மீண்டும் கையில் எடுக்க நேர்ந்தது.

1947ஆம் ஆண்டின் இறுதியளவில் கார்ல்ஸ்டாட்டுடன் மீண்டும் மேடையேறினார். 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிகழ்ச்சி முடிந்த பின் குளிர்ந்த அரங்கினுள்ளே தவறுதலாக இரவு முழுவதும் பூட்டப்பட்டமையால் நோயுற்றார் என்று கூறப்படுகின்றது. பெப்ரவரி 9ஆந் திகதி, களியாட்ட விழாவின் திங்கட்கிழமையன்று, அவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற எழுத்துப் பிரதிகளையும் பொருள்களையும் மியூனிச் நகரம் வாங்க முன்வராமையால் அவை கொலோன் நகரின் நாடகச் சேகரத்தைச் சென்றடைந்தன. ஆயினும் 1953ஆம் ஆண்டில் நகரின் சந்தைச் சதுக்கத்தில் அவருக்கும் வைஸ் ஃபேர்டலுக்கும் நினைவு நீரூற்றுகள் எழுந்தன. 1959ஆம் ஆண்டில் இசார் வாயிற் கோபுரத்தில் அவர் பெயரால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வானொலி நாடகங்களாற் பெரும்புகழ் பெற்று 1960ஆம் ஆண்டில் மறைந்த கார்ல்ஸ்டாட்டுக்கு 1961ஆம் ஆண்டில் அதே சந்தையில் நீரூற்று அமைந்தது. அருங்காட்சியகத்தின் பெயரில் அவர் பெயரும் சேர்க்கப்படுவதற்கு 2001ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கட்சியிற் சேர்ந்தவரும் சேராதவரும், மேதையெனப் போற்றப்பட்டவரும் அவருக்குத் தோள்கொடுத்தவரும் இன்று ஒரே சந்தையிற் சிலைகளாக நிற்கின்றனர். காய்கறி வாங்க வருவோர் அச்சிலைகளின் கையிற் பூக்களை வைத்துச் செல்வதுமுண்டு. நகரின் நினைவு அவர்களை ஒன்றாக இணைத்துவிட்டது. அவர்களை வேறுபடுத்திக் காண்பதும், ஒரு காலத்தில் அந்நகரம் எவரது சிரிப்பினை ஏற்றது, எவரது சிரிப்பினை ஏற்க மறுத்தது என்று பதிவுசெய்வதும் வரலாற்று மாணவரின் கடமையாகும்.