ஐ.சி.யூ.வில் இருக்கும் குழந்தை வேறு பிள்ளைபோல் நடந்துகொண்டால்...

குழந்தை ஐ.சி.யூ.வில் இருக்கும்போது நாம் காய்ச்சலையும் மூச்சையும்தான் அதிகம் விசாரிக்கிறோம். இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் திரையில் பார்க்கலாம். மூளை தடுமாறுவதை அந்தத் திரை காட்டாது. யாராவது குழந்தையைக் கவனித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடும் நோயின்போது மூளையின் செயல்பாடு திடீரெனக் குழம்புவதை மருத்துவர்கள் ‘டெலிரியம்’ என்கிறார்கள். அமெரிக்கா, சவூதி அரேபியா உள்ளிட்ட நாடுகளின் 25 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இது இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

ஏன் தவறிப்போகிறது?

சில பிள்ளைகள் கத்துவார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள், இல்லாததைப் பார்த்துப் பயப்படுவார்கள். இது எல்லோர் கண்ணிலும் படும். வேறு சிலரோ அசையாமல், உம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கிடப்பார்கள். ‘பிள்ளை அமைதியாகத் தூங்குகிறது’ என்று நாம் ஆறுதலடைவோம். அதிகம் தவறவிடப்படுவது இந்த இரண்டாம் வகைதான். இரண்டும் மாறி மாறி வருவதும் உண்டு.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவர்கள் உருவாக்கி, 2014-ல் சரிபார்த்து வெளியிட்ட ‘கார்னெல் மதிப்பீடு’ பல நாடுகளில் பயன்படுகிறது. இதில் எட்டுக் கேள்விகள். கவனித்துக்கொள்பவரின் கண்ணைப் பார்க்கிறதா, நோக்கத்தோடு அசைகிறதா, சுற்றுப்புறத்தை உணர்கிறதா, தேவையைத் தெரிவிக்கிறதா, அமைதியின்றித் தவிக்கிறதா, தேற்ற முடியாமல் அழுகிறதா, அசைவு மிகக் குறைவா, பதிலளிக்கத் தாமதமாகிறதா என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியமாக இருக்கலாம் என்று மருத்துவர் பரிசோதித்து முடிவு செய்வார். கவனித்தே மதிப்பிடுவதால் பேசத் தெரியாத கைக்குழந்தைக்கும் இது பொருந்தும்.

டெலிரியம் ஒரே நாளில் கூடிக் குறையும். ஒருமுறை பார்த்து விட்டுவிட்டால் போதாது. செவிலியர் தம் ஒவ்வொரு பணிநேரத்திலும் மதிப்பிட வேண்டும். மயக்க மருந்தில் குரலுக்கே அசையாத குழந்தையை மதிப்பிட முடியாது. விழிப்பு வந்ததும் பார்க்க வேண்டும். 2022-ல் அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவ அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலும் இத்தகைய பரிசோதனையை வழக்கமாகச் செய்யச் சொல்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

குழந்தையின் இயல்பை அறிந்தவர்கள் பெற்றோர்தான். எப்படிச் சிரிக்கும், பெயர் சொன்னால் திரும்புமா, ஏற்கெனவே வளர்ச்சித் தாமதம் உண்டா என்பதை முதல் நாளே செவிலியரிடம் சொல்லுங்கள். ‘இது எங்கள் பிள்ளைபோல் இல்லை’ என்று தோன்றினால் தயங்காமல் தெரிவித்து, ‘டெலிரியம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?’ எனக் கேளுங்கள். கண்ணாடி, காது கருவி, பழகிய போர்வை ஆகியவற்றை அனுமதி பெற்று அருகில் வையுங்கள். பகலில் வெளிச்சமும் இரவில் இருளும் அமைதியும் கிடைக்கட்டும்.

டெலிரியம் உறுதியானால் மருத்துவர்கள் காரணத்தைத் தேடுவார்கள். நோய்த்தொற்று, வலி, ஆக்சிஜன் குறைவு, மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் ஆகியவை முக்கியமானவை. காரணத்தைச் சரிசெய்வதே முதல் சிகிச்சை.

பிள்ளை பிதற்றுவதைப் பார்த்து ‘ஜின் பிடித்துவிட்டது’ என்று சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அழைத்துவருவது உயிருக்கே ஆபத்து. நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ள வழிகாட்டியிருக்கிறார்கள். அருகில் அமர்ந்து மெதுவான குரலில் ஓதுங்கள், துஆ செய்யுங்கள். பழகிய அந்தக் குரல் பிள்ளைக்கும் ஆறுதல் தரும். ஆனால் ஸம்ஸம் நீரோ தேனோ எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் வாயில் விடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும்.

நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.