குறியீட்டெண்ணும் ஒரு பரிசும்

போட்டி என்றதும் உங்கள் உள்ளம் ஓட்டப் பந்தயத்தையோ பேச்சு மேடையையோ நாடும். விலைவாசியை எண்ணால் அளக்கும் கலையிலும் போட்டிகள் உண்டு. பொருளியலோடு கணிதத்தையும் புள்ளியியலையும் இணைக்கும் அக்கல்விக்குப் பொருளாதார அளவையியல் என்று பெயர். நார்வே நாட்டறிஞர் ராக்னர் பிரிஷ் 1926ஆம் ஆண்டில் அப்பெயரை வழங்கினார். அதற்கும் முன்னர் நடந்த ஒரு போட்டியின் வரலாற்றைக் கூற விழைகிறேன்.

ஜான் மேனார்டு கெயின்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் 1906ஆம் ஆண்டில் அரசுப் பணித் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். அவர் விரும்பிய கருவூலத் துறையின் ஓரிடம் முதலாமவருக்குச் சென்றது. இவருக்கு லண்டனிலிருந்த இந்திய அலுவலகமே வாய்த்தது. 1908இல் அவ்வேலையைத் துறந்தார். அவ்வாண்டில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவிக்காக, நிகழ்தகவு பற்றி அவர் எழுதிய ஆய்வுரை வெற்றி பெறவில்லை. மனந்தளராது திருத்தியெழுதி 1909இல் அப்பதவியை எய்தினார். அதே ஆண்டில், குறியீட்டெண் முறை பற்றிய கட்டுரைக்காக ஆடம் ஸ்மித் பரிசையும் வென்றார். இந்திய மண்ணை ஒருபோதும் மிதித்தறியாத அவர், 1913இல் இந்திய நாணயமுறை பற்றி ஒரு நூலே எழுதினார். பின்னாளில் நம் நாட்டின் பிரதமரான மன்மோகன் சிங் அப்பரிசை 1956இல் பெற்றார்.

குறியீட்டெண்ணில் அப்படி என்ன அரிய சிக்கல் உள்ளது? விலைகள் ஒன்றுபோல் ஏறுவதில்லை. எப்பொருளுக்கு எவ்வளவு நிறை கொடுப்பது? லாஸ்பியர் 1871இல் பழைய ஆண்டின் நுகர்வளவை நிறையாகக் கொண்டார். பாசி 1874இல் புதிய ஆண்டின் அளவைக் கொண்டார். ஒரே விலைப்பட்டியலுக்கு இருவேறு விடைகள் பிறந்தன.

இதனை நான் உணர்ந்தது என் பிழையால்தான். பல்லாண்டுகளுக்கு முன், புதுவையில் நான் ஆசிரியனாயிருந்தபோது ஒரு கணக்குப் போட்டி வைத்தேன். அரிசி விலை நூற்றுக்கு 30, மீன் விலை நூற்றுக்கு 10 ஏறினால், குடும்பச் செலவு எவ்வளவு ஏறும்? இரண்டுக்கும் சம நிறை என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் வினாவில் எழுதவில்லை. பலர் 20 என்றனர். கடலோரக் குப்பத்து மாணவன் ஒருவன் மட்டும் 30 என்றான். "நாங்கள் மீன் வாங்குவதில்லை ஐயா, அரிசிதான் வாங்குகிறோம்" என்றான். நான் சிரித்துவிட்டு, தவறெனக் கோடிட்டேன். பரிசு வேறொருவனுக்குப் போயிற்று. அவன் தன் வீட்டின் நிறையைச் சரியாகவே இட்டிருந்தான் என்பது, பின்னர் இக்கலையைப் பயின்றபோதுதான் எனக்கு விளங்கிற்று. அதற்குள் அவன் பள்ளியை விட்டுச் சென்றிருந்தான்.

இன்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில், பல நாட்டு மாணவர் குழுக்கள் கூடி, ஒரே சிக்கலைக் குறித்த காலத்துக்குள் ஆராயும் பொருளாதார அளவையியல் போட்டி நடைபெறுகிறது. நம் நாட்டிலும் இக்கலைக்கென ஒரு கழகம் 1960இல் தோன்றியது. நாளை உங்களுள் ஒருவர் அத்தகைய களத்தில் நிற்கலாம். அப்போது கணக்கைத் தொடங்குமுன், "இது யாருடைய வீட்டுச் செலவு?" என்று கேளுங்கள். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அது.